நர்சிங் கல்லூரியில் சமத்துவம்: சேர்க்கைக்குப் பிறகு நடப்பவை

பி.எஸ்சி. நர்சிங் முதல் செமஸ்டரில் 'அப்ளைடு சோசியாலஜி' என்று ஒரு பாடம் இருக்கிறது. சாதி, வர்க்கம், குடும்பம், கிராம சமூகம் எல்லாம் அதில் வரும். 'சாதியமைப்பின் இயல்புகள்' என்று தலைப்புப் போட்டு எழுதி, மாணவிகள் தேர்ச்சியும் பெற்றுவிடுவார்கள். அதே மாணவி வார்டுக்குள் நுழைந்ததும் காதில் விழும் முதல் கேள்விகளில் ஒன்று, "எந்த ஊரும்மா?" பதில் சொன்னதும் அடுத்தது வரும்: "ஊர்லயா, காலனியிலயா?" கடலூர் மாவட்டத்தில் வளர்ந்த யாருக்கும் இந்த இரண்டாவது கேள்வி எதைத் தேடுகிறது என்று விளக்கத் தேவையில்லை. பாடத்தில் படித்த சாதியும் வார்டில் எதிர்ப்பட்ட சாதியும் ஒன்றையொன்று தொடாமலே நான்கு வருடப் படிப்பு முடிந்துவிடுகிறது.

நர்சிங் கல்வியில் சமத்துவம் என்றால் ஒரு நாள் கருத்தரங்கு, ஒரு உறுதிமொழி, ஒரு கோலப் போட்டி என்று முடித்துக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் வந்துவிட்டது. யார் படிப்பை முடிக்கிறார்கள், யார் கையில் தொழில் நன்றாகப் படிந்து வெளியே வருகிறார்கள் என்பதை முடிவு செய்வது போஸ்டிங் சார்ட் (யாருக்கு எந்த வார்டில் பயிற்சி என்ற பட்டியல்), இன்டர்னல் மார்க், நோட்டீஸ் போர்டு, யூனிஃபார்ம் விதி ஆகியவைதான். இவற்றில் பெரும்பாலானவை கல்லூரிக்குள்ளேயே மாற்றக்கூடியவை.

யார் உள்ளே வருகிறார்கள்

சேர்க்கை ஓரளவு ஒழுங்குக்கு வந்த பகுதி. தமிழ்நாட்டில் 69 சதவீத இடஒதுக்கீடு நடைமுறையில் இருக்கிறது: பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, பட்டியல் சாதியினருக்கு அருந்ததியர் உள்ஒதுக்கீடு 3 உட்பட 18, பழங்குடியினருக்கு 1. புதுச்சேரியில் அரசின் சேர்க்கை அமைப்பான சென்டாக் வழியாக நடக்கும் சேர்க்கையில் சமூக ஒதுக்கீட்டோடு வட்டார ஒதுக்கீடும் சேர்ந்துகொள்கிறது. காரைக்கால், மாஹே, ஏனாம் பிள்ளைகளும் அரசுக் கல்லூரி வகுப்பில் இருப்பார்கள். கேரளத்துக்குள் இருக்கும் மாஹேயிலிருந்து மலையாளம் பேசும் பெண்ணும், ஆந்திரத்துக்குள் இருக்கும் ஏனாமிலிருந்து தெலுங்கு பேசும் பையனும், பாகூர் பக்கத்திலிருந்து வரும் தமிழ்ப் பெண்ணும் ஒரே டெஸ்கில் உட்காருகிறார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் கடலூர், பண்ருட்டி, விருத்தாசலம், சிதம்பரம் வட்டாரப் பிள்ளைகள் தங்கள் மாவட்டக் கல்லூரிகளிலும், கடலூர் – புதுச்சேரி சாலையை ஒட்டிய தனியார் கல்லூரிகளிலும் சேர்கிறார்கள்.

சேர்க்கையில் இன்னும் அடைபடாத ஓட்டை, பழங்குடிச் சான்றிதழ். கிள்ளை, பிச்சாவரம் பக்கத்து இருளர் பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டில் சான்று தர வேண்டியவர் கோட்டாட்சியர். விசாரணை, விஏஓ அறிக்கை என்று மாதக்கணக்கில் இழுக்கும். கவுன்சலிங் தேதி காத்திருக்காது. புதுச்சேரியில் இருளர்கள் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்ததே 2016இல்தான். தமிழ்நாட்டில் நரிக்குறவர், குருவிக்காரர் சமூகத்தினரைச் சேர்க்கும் சட்டத்திருத்தம் 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆகவே சான்றிதழுக்கு பிளஸ் 2 ரிசல்ட் வந்த பிறகு ஓடினால் பயனில்லை. பிளஸ் 1 படிக்கும்போதே விண்ணப்பித்திருக்க வேண்டும். நர்சிங் கல்லூரி இதில் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். சுற்றுவட்டார மேல்நிலைப் பள்ளிகளுக்கு சமூகநல முகாமுக்குப் போகும்போது, கை கழுவும் முறையைச் செய்து காட்டுவதோடு இந்தச் சான்றிதழ் விவரம் அச்சிட்ட ஒரு தாளையும் கொடுத்துவிட்டு வரலாம்.

ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்வது, பாதியில் விலக நினைக்கும் பிள்ளையை மிரட்ட உதவும் பழைய பழக்கம். சரிபார்த்ததும் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) 2018இலேயே சொல்லிவிட்டது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வருபவருக்கு இது தெரிந்திருக்காது. சேர்க்கை நாளன்றே எழுத்தில் தெரிவிப்பது கல்லூரியின் பொறுப்பு.

முதல் இரண்டு செமஸ்டர்

படிப்பு ஆங்கிலத்தில். நோயாளி தமிழில். இந்த இடைவெளியில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். தமிழ் வழியில் பிளஸ் 2 முடித்த பெண் முதல் செமஸ்டரிலேயே அனாடமி, ஃபிசியாலஜி, சைக்காலஜி, சோசியாலஜி, நர்சிங் ஃபவுண்டேஷன் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எதிர்கொள்கிறாள். 'கம்யூனிகேட்டிவ் இங்கிலீஷ்' அதே செமஸ்டரில் ஓடுகிறது. நீச்சல் வகுப்பும் நீச்சல் போட்டியும் ஒரே நாளில் வைத்த மாதிரி. ஆங்கிலப் பாடத்துக்குத் தேர்ச்சி மதிப்பெண் 40, மற்ற முக்கியப் பாடங்களுக்கு 50. அதனால் ஆங்கிலத்தில் பாஸாகி, ஆங்கிலத்தால் அனாடமியில் அரியர் வைப்பது சாதாரணமாக நடக்கிறது. 2023-24இல் புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டதால், இனி ஒரே வகுப்பில் பல வகைப் பள்ளித் தயாரிப்போடு பிள்ளைகள் வருவார்கள்.

முதல் வாரத்தில் ஒரு சிறு சோதனை வைப்பது நல்லது. இலக்கணக் கேள்வித்தாள் வேண்டாம். ஒரு மருந்து லேபிளைப் படித்துப் பெயர், அளவு, கொடுக்கும் வழி, காலாவதித் தேதி நான்கையும் எழுதச் சொல்லுங்கள். ஒரு நோயாளியின் நிலையைத் தமிழில் சொல்லி, அதை ஆங்கிலத்தில் ஐந்து வரி நர்ஸ் குறிப்பாக எழுதச் சொல்லுங்கள். யாருக்கு என்ன வரவில்லை என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். தமிழ் மீடியம் பிள்ளைகளைத் தனியே பிரித்து 'ஸ்லோ லேர்னர்' வகுப்பு என்று பெயர் வைப்பதுதான் இதில் வழக்கமாக நடக்கும் தவறு. அந்தப் பெயர் நான்கு வருடமும் கூடவே வரும். வாய்மொழித் தேர்வான வைவாவில் வாயைத் திறக்கவிடாது. எதில் குறையோ அதை வைத்துக் குழு பிரித்தால் ஆங்கில மீடியம் பிள்ளைகளும் அந்தக் குழுக்களில் இருப்பார்கள். மருந்துக் கணக்கு தடுமாறுவதற்கும் மீடியத்துக்கும் சம்பந்தம் இல்லை.

மருத்துவச் சொற்களை மனப்பாடப் பட்டியலாகக் கொடுப்பதைவிட, முன்னொட்டு பின்னொட்டாக உடைத்துக் கொடுப்பது வேகமாக ஏறும். டாக்கி (வேகம்), பிரேடி (மெதுவு), ஐட்டிஸ் (அழற்சி), எக்டமி (வெட்டி நீக்குதல்), ஆஸ்டமி (துளை அமைத்தல்) என்று நாற்பது ஐம்பது துண்டுகள் பிடிபட்டால் நூற்றுக்கணக்கான சொற்கள் தாமே திறக்கும். ஹைப்போ (குறைவு), ஹைப்பர் (மிகுதி) இரண்டும் ஃபோனில் ஒரே மாதிரி கேட்கும். இன்சுலின் போடும் நோயாளி விஷயத்தில் அந்தக் குழப்பம் உயிரை வாங்கும். அதனால் டியூட்டி மாறும்போது நோயாளியின் விவரத்தை ஒப்படைக்கும் ஹேண்டோவரில் "ஹைப்போ, சர்க்கரை குறைவு, 54" என்று சொல்லையும் பொருளையும் எண்ணையும் சேர்த்துச் சொல்ல வைக்க வேண்டும். கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆங்கிலம் நன்றாக வருபவருக்கும் இது கட்டாயம் என்றால் யாரும் கூச மாட்டார்கள்.

விடைத்தாளில் பொருள் பிழையையும் மொழிப் பிழையையும் பிரித்துப் பார்க்கும் மதிப்பெண் திட்டம் இன்டர்னல் தேர்விலாவது இருக்கட்டும். ஷாக் (ரத்த ஓட்டம் குறைந்து சரியும் நிலை) வந்த நோயாளிக்கு என்ன செய்வது என்ற விடையில் வினைச்சொல் தப்பாக இருந்தாலும், செய்ய வேண்டியவை சரியான வரிசையில் இருந்தால் அதற்கான மார்க் குறையக் கூடாது. மருந்தின் பெயரிலோ அளவிலோ எழுத்துப் பிழை வந்தால் அது பொருள் பிழை. அங்கே இரக்கம் கூடாது. மில்லிகிராமும் மைக்ரோகிராமும் மாறினால் ஆயிரம் மடங்கு வித்தியாசம்.

மறுபக்கமும் உண்டு. மாஹே, ஏனாம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சிக்கலாக இல்லாமல் போகலாம். நோயாளியின் தமிழ்தான் சிக்கல். "வயித்தால போகுது", "நீர்க்கடுப்பா இருக்கு", "மூச்சு வாங்குது", "தலைக்கு ஊத்திக்கிட்டேன்" என்று நோயாளி சொல்வதை அப்படியே எழுதி, கேட்க வேண்டிய அடுத்த கேள்வியோடு ஒரு சிறு கையேடாக வைத்திருக்கலாம். அதைத் தயாரிக்கச் சரியான ஆட்கள், கிராமத்திலிருந்து தமிழ் வழியில் படித்து வந்த மாணவிகள்தான். வகுப்பில் பின்தங்கியவர் என்று கருதப்பட்டவர் இந்த வேலையில் ஆசிரியர் ஆகிறார். நெய்வேலியிலும் கடலூர் சிப்காட்டிலும் வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலத் தொழிலாளிகளுக்கு இது போதாது. அங்கே நோயாளியின் எட்டு வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காமல் இருப்பதும், சொன்னதை நோயாளியே செய்து காட்டச் சொல்லிச் சரிபார்ப்பதும் கற்றுத்தர வேண்டியவை.

கையிலிருந்து போகும் பணம்

கட்டணம் கண்ணுக்குத் தெரியும், மற்றவை தெரியாது. இரண்டு செட் யூனிஃபார்ம், வெள்ளை ஷூ, ஸ்டெதாஸ்கோப், பிபி கருவி, ரெக்கார்டு நோட்டு, டிரக் புக், தடியான பாடநூல்கள், தேர்வுக் கட்டணம், கம்யூனிட்டி போஸ்டிங் பயணம். முதல் மாதத்திலேயே பெரும்பகுதி கேட்கப்படும். பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். பணம் கையில் வரத் தாமதமாகும். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குத் தமிழ்நாடு அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 செப்டம்பர் முதலும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 ஆகஸ்ட் முதலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. பேருந்துக்கும் நோட்டுக்கும் அது நிஜமாகவே உதவுகிறது. உதவித்தொகை வரும்வரை ஹால் டிக்கெட்டை நிறுத்தி வைக்கும் கல்லூரி, அரசின் தாமதத்துக்கு மாணவியைத் தண்டிக்கிறது. ஸ்டெதாஸ்கோப்பையும் பிபி கருவியையும் ஸ்கில் லேபிலிருந்து நூலகப் புத்தகம் மாதிரி கையெழுத்துப் போட்டு எடுத்துப்போகும் ஏற்பாடு பெரிய செலவில்லாதது.

நேரமும் பணம்தான். காலை டியூட்டி ஏழரைக்குத் தொடங்கினால், விருத்தாசலத்துக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து வருபவர் விடியுமுன் கிளம்ப வேண்டும். தமிழ்நாட்டில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்தில் மட்டும். ஊருக்கு ஊர் ஓடும் புறநகர் வண்டிக்கு இல்லை. கால் மணி நேரம் தாமதமாக வந்தால் ஹேண்டோவர் போய்விடும், அதோடு அன்றைய கிளினிக்கல் மார்க்கும் குறையும். தொலைவிலிருந்து வருபவர்களுக்குக் காலை டியூட்டி வாரங்களில் மட்டும் ஹாஸ்டலில் நாள் கணக்குக் கட்டணத்தில் தங்க அனுமதித்தால் இது தீரும்.

போஸ்டிங் சார்ட்டைப் படிப்பது எப்படி

ஒரு கல்லூரியில் சமத்துவம் எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் அதன் போஸ்டிங் சார்ட்டையும் செய்முறைப் பதிவேட்டையும் ஆறு மாதத்துக்கு எடுத்து வைத்துப் படித்தால் போதும். பக்கவாட்டில் மாணவர் பெயர். மேலே ஐசியூ, லேபர் வார்டு, ஆபரேஷன் தியேட்டர், கேஷுவாலிட்டி, மனநலப் பிரிவு, ஆரம்ப சுகாதார நிலையம். அதற்குக் கீழே ஐவி லைன், சிறுநீர்க் குழாய், ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போடும் குழாய்), டிரெஸ்ஸிங், பிரசவம். யார் எதை எத்தனை முறை பார்த்தார், உதவினார், தானே செய்தார் என்று கட்டம் கட்டமாக நிரப்புங்கள். வழக்கமாக வெளியே வரும் படம் இதுதான்: சரளமாக ஆங்கிலம் பேசுபவர், ஆசிரியருக்குத் தெரிந்த குடும்பத்துப் பிள்ளை, முன்னால் வந்து நிற்கும் தைரியம் உள்ளவர் பெயர்களுக்கு எதிரே 'தானே செய்தார்' நிறைந்திருக்கும். அமைதியானவர்கள் பெயருக்கு எதிரே வைட்டல்ஸ் (நாடி, பிபி, காய்ச்சல் பார்ப்பது), படுக்கை விரிப்பு, ஸ்பெசிமன் (ரத்தம், சிறுநீர் மாதிரி) எடுத்துப்போய்க் கொடுத்தல். இதை யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. வார்டு சிஸ்டருக்கு அவசரம்; யார் பக்கத்தில் நிற்கிறாரோ, யார் பெயர் ஞாபகம் வருகிறதோ அவரைக் கூப்பிடுகிறார். பத்து மாணவருக்கு ஒரு ஆசிரியர் என்ற விகிதம் தாளில் இருந்தாலும், அவர் மூன்று வார்டுகளுக்கு ஓடிக்கொண்டிருந்தால் பார்க்க ஆள் இல்லை. மாதக் கடைசியில் இந்தக் கட்டத்தைப் பார்த்து, குறைந்தவர் பெயரை அடுத்த மாதம் முதலில் போடுவது ஒன்றே தீர்வு. வார்டிலும் அன்றைக்கு யார் முதலில் செய்வது என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிட்டால், முன்னால் நிற்பதால் கிடைக்கும் சலுகை போய்விடும்.

ஆண் மாணவர்கள் விஷயம் தனி. துணை நர்ஸ் பயிற்சியான ஏஎன்எம் படிப்பு பெண்களுக்கு மட்டுமானது. எய்ம்ஸ் மருத்துவமனைகளில் நர்சிங் ஆபீசர் பணியிடங்களுக்கு 80க்கு 20 என்று பெண் – ஆண் விகிதம் 2019இல் வகுக்கப்பட்டது. படிக்கும் பையனுக்கோ லேபர் வார்டு வாசலிலேயே தடை. "பிரதர், நீங்க வெளியிலேயே இருங்க, ரெஜிஸ்டர் எழுதுங்க" என்று அனுப்பிவிடுவார்கள். பாடத்திட்டம் மகப்பேறு நர்சிங்கை அவனுக்கும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறது. தேர்வில் அவனையும் கேட்பார்கள். பதிவேட்டில் எண்ணிக்கை நிரம்ப வேண்டும் என்பதால் பார்க்காத கேஸை எழுத வைக்கும் நிலை வருகிறது. அதுதான் இதில் உள்ள பெரிய கேடு.

இந்தத் தடையில் யாரையும் கேட்கவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தாய் மறுக்கவில்லை, தாய் மறுப்பாள் என்று மற்றவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். வலி எடுத்த நேரத்தில் கேட்பதும் முறையல்ல. கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வரும்போதே, பெண் ஊழியர் ஒருவர் அறிமுகம் செய்து, "இவர் நர்சிங் படிக்கிறார். பிரசவ நேரத்துல என் கூட இருந்து உதவி செய்வார். வேண்டாம்னா தாராளமா சொல்லுங்க, உங்க கவனிப்புல எந்தக் குறையும் வராது" என்று சொல்லி, பதிலைக் கேஸ் ஷீட்டில் குறிக்க வேண்டும். மாணவன் எப்போதும் பெண் ஊழியரோடுதான் இருப்பான். அதற்கு முன்பே, மாதிரிப் பொம்மையில் முழுச் செய்முறையையும் செய்து காட்டியிருக்க வேண்டும். தாய் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிட வேண்டும். இரண்டாம் முறை வற்புறுத்தக் கூடாது. எதிர்த்திசையில் பெண் மாணவிகள் இழப்பது கண்ணுக்கே தெரிவதில்லை. ஆண் நோயாளிக்குச் சிறுநீர்க் குழாய் போடுவதும், கேஷுவாலிட்டியில் நோயாளியைத் தூக்கி மாற்றுவதும் பையன்களுக்கே போவதால், வேலையில் சேர்ந்த முதல் நைட் டியூட்டியில் தனியாக நிற்கும் பெண் அதை முதன்முதலாகச் செய்கிறாள்.

மார்க் எங்கே நழுவுகிறது

தியரி பாடத்தில் 25 மார்க் இன்டர்னல், 75 பல்கலைக்கழகத் தேர்வு. செய்முறையில் இன்டர்னலின் எடை இன்னும் அதிகம். கிளினிக்கல் மதிப்பீட்டுப் படிவங்களில் 'பெர்சனாலிட்டி', 'ஆட்டிட்யூட்', 'அப்பியரன்ஸ்' என்று கட்டங்கள் இருக்கும். நிறம், பேச்சுவழக்கு, உடல்வாகு, குடும்பப் பின்னணி எல்லாம் மார்க்காக மாறுவது இந்தக் கட்டங்களில்தான். அவற்றுக்குப் பதில் கண்ணால் பார்க்கக்கூடியதை எழுதலாம்: நோயாளியைப் பெயர் சொல்லி அழைத்தாரா, தன்னை அறிமுகப்படுத்தினாரா, தொடுவதற்கு முன்னும் பின்னும் கை சுத்தம் செய்தாரா, திரை இழுத்தாரா, மருந்தை மூன்று முறை சரிபார்த்தாரா. செய்தார், செய்யவில்லை என்று மட்டும் குறிப்பது. இந்திய நர்சிங் கவுன்சிலின் புதிய பாடத்திட்டம், செய்முறையை நிலையம் நிலையமாகச் சோதிக்கும் ஆஸ்கி (OSCE) தேர்வு முறையைக் கொண்டுவந்தது இந்த வகையில் நல்ல விஷயம். ஒவ்வொரு நிலையத்திலும் எல்லோருக்கும் ஒரே வேலை, ஒரே சரிபார்ப்புப் பட்டியல். அது கெட்டுப்போகும் இடம் ஒன்று உண்டு. தேர்வாளர் பட்டியலைக் கடைசியில், மொத்த அபிப்பிராயத்தை வைத்து நிரப்பினால் பழைய வைவாவேதான். மாணவர் செய்யும்போதே குறிக்க வேண்டும்.

நோட்டீஸ் போர்டும் கைக்கயிறும்

'எஸ்.சி., எஸ்.டி. ஸ்காலர்ஷிப் மாணவர்கள் ஆபீசுக்கு வரவும்' என்று வகுப்பறை வாசலில் நின்று பெயர் வாசிப்பதை நிறுத்துவதற்கு எந்தச் செலவும் இல்லை. சேர்க்கைப் பட்டியலை சாதிப் பிரிவோடு போர்டில் ஒட்டுவதும் அப்படியே. விண்ணப்ப எண்ணை மட்டும் போடலாம், தனியே குறுஞ்செய்தி அனுப்பலாம். வார்டில் 'ஊர்லயா, காலனியிலயா' கேள்வி வந்தால், உடன் இருக்கும் ஆசிரியர்தான் "சிஸ்டர், இவங்க செகண்ட் இயர், இன்னைக்கு டிரெஸ்ஸிங் செய்யப் போறாங்க" என்று பேச்சைத் திருப்ப வேண்டும். மாணவி தானே எதிர்த்துப் பேசட்டும் என்று விட முடியாது. அந்த சிஸ்டரின் கையெழுத்து அவள் ரெக்கார்டுக்கு வேண்டும்.

கேஸ் பிரசன்டேஷன் படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் இருக்கும். உணவு, நோன்பு, இறப்புச் சடங்கு என்று கவனிப்போடு தொடர்பிருக்கும் இடத்தில் அதற்குப் பயன் உண்டு. அதன் பக்கத்தில் சாதியையும் எழுதும் பழக்கம் எங்கே இருந்தாலும் அதை அடித்துவிட வேண்டும். எந்தக் கேர் பிளானுக்கும் அது தேவைப்படாது.

நாங்குநேரியில் 2023இல் பட்டியல் சாதி மாணவர் ஒருவரைச் சக மாணவர்கள் வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை, பள்ளிகளில் சாதி அடையாள நிறக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது. நர்சிங் கல்லூரிக்கு இந்த வாதத்துக்குள்ளேயே போகத் தேவையில்லை. முழங்கைக்குக் கீழே எதுவும் இருக்கக் கூடாது என்பது கை சுத்தத்தின் விதி. கயிறு, வளையல், வாட்ச், மோதிரம் எல்லாவற்றின் கீழும் ஈரமும் கிருமியும் தங்கும். எல்லோருக்கும் ஒரே விதி, ஆசிரியருக்கும் சேர்த்து. ஆசிரியையின் வளையலுக்கு விலக்குக் கொடுத்த அன்றே அந்த விதி செத்துவிடும். தலையை மறைக்கும் முஸ்லிம் மாணவிக்கும் இதே அளவுகோல்தான்: தினமும் துவைத்த துணி, நுனி தொங்காமல் உள்ளே செருகியது, தியேட்டரில் கழுத்துவரை மூடும் தொப்பி. கிருமித் தடுப்பு நிறைவேறிவிட்டால் அதற்கு மேல் கேட்க எதுவும் இல்லை.

உடல்நிலை, மாற்றுத்திறன், கர்ப்பம்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடம் ஒதுக்கச் சொல்கிறது. நர்சிங் கவுன்சில் அதைக் காலில் 40 முதல் 50 சதவீத அசைவுக் குறைபாடு உள்ளவர்கள் என்று சுருக்கி வைத்திருக்கிறது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மருத்துவப் படிப்பு வழக்கொன்றில், சதவீதத்தை மட்டும் வைத்து ஒருவரைத் தகுதியற்றவர் என்று தள்ளக் கூடாது, படிப்பை மேற்கொள்ள முடியுமா என்று மதிப்பிட வேண்டும் என்றது. நர்சிங் கல்வியும் போக வேண்டிய திசை அதுதான் என்பது எங்கள் கருத்து. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கு உடனே செய்யக்கூடியவை பல. காது மந்தமானவருக்கு ஒலி கூட்டும் ஸ்டெதாஸ்கோப். வாசிப்புக் குறைபாடு உள்ளவருக்கு எழுத்துத் தேர்வில் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரம். இது 2018 மத்திய அரசு வழிகாட்டுதலில் சொல்லப்பட்டது. நிறக்குருடு உள்ளவருக்கு மருந்துக் குப்பியை மூடி நிறத்தால் அடையாளம் காண விடாமல் லேபிளை வாசிக்கும் பழக்கம். கடைசியாகச் சொன்னது எல்லோருக்கும் தேவையான பழக்கம்.

திருமணமும் கர்ப்பமும் இன்னும் பல இடங்களில் படிப்பை நிறுத்தும் காரணங்கள். திருமணம் செய்துகொண்டதற்காக ராணுவ நர்ஸ் ஒருவரைப் பணியிலிருந்து நீக்கியது பாலினப் பாகுபாடு என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, 60 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. தேர்வு எழுத 80 சதவீத வருகை, பட்டம் பெறச் செய்முறையில் 100 சதவீதம் என்ற விதி இருப்பதால், தவறிய போஸ்டிங் நாட்களை எப்போது ஈடுகட்டுவது என்று விடுப்பில் போகும் முன்பே எழுத்தில் கொடுக்க வேண்டும். எழுத்தில் இல்லாத வாக்குறுதி, அடுத்த பிரின்சிபால் வந்ததும் காணாமல் போகும்.

திருநர் மாணவர்கள், நோயாளிகள்

கூத்தாண்டவர் திருவிழா நடக்கும் கூவாகம் இங்கிருந்து பக்கம்தான். சித்திரையில் இந்த வட்டார மருத்துவமனைகளுக்குத் திருநங்கைகள் சிகிச்சைக்கு வருவதும் புதிதல்ல. திருநரை மூன்றாம் பாலினமாக ஏற்ற உச்ச நீதிமன்றத்தின் 2014 நால்சா தீர்ப்பும் 2019 திருநர் பாதுகாப்புச் சட்டமும் கல்வி நிறுவனங்கள் பாகுபாடு காட்டக் கூடாது என்கின்றன. இருந்தும் விண்ணப்பப் படிவத்தில் இரண்டே கட்டம், ஹாஸ்டலில் இரண்டே கட்டடம். வகுப்பில் கற்றுத்தர வேண்டியது சிக்கலானது இல்லை: "உங்களை எப்படிக் கூப்பிடணும்?" என்று கேட்பது, படுக்கையை எந்த வார்டில் போடுவது என்று அவரிடமே கேட்பது, காய்ச்சலுக்கு வந்தவரிடம் அறுவை சிகிச்சையைப் பற்றித் துருவாமல் இருப்பது, மாணவர் கூட்டத்தோடு போய் உடலைப் பார்க்காமல் இருப்பது. எச்ஐவி நோயாளியின் கட்டிலில் அடையாளம் ஒட்டுவதும் இதே வகைத் தவறு. எல்லா நோயாளிக்கும் ஒரே பாதுகாப்பு முறையைக் கடைப்பிடித்தால் அந்த அடையாளமே தேவைப்படாது.

நம் தோலில் நோயைப் பார்ப்பது

பாடத்திட்டத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும் ஏற்றத்தாழ்வு இது, பேசப்படுவதே குறைவு. படுக்கைப் புண்ணின் முதல் கட்டம் 'அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு' என்று மாணவி எழுதுகிறாள். பாடநூல் படத்தில் இருப்பது வெள்ளைத் தோல். தேவனாம்பட்டினத்து மீனவப் பெரியவரின் முதுகில் அந்தச் சிவப்பு தெரியாது. அவள் 'புண் இல்லை' என்று எழுதுவாள். இரண்டு நாளில் தோல் பிரிந்துவிடும். கருந்தோலில் பார்க்க வேண்டியவை வேறு: பக்கத்துத் தோலைவிடக் கருமையோ ஊதாவோ கூடியிருக்கிறதா, தொட்டால் சூடாகவோ குளிர்ச்சியாகவோ இருக்கிறதா, கெட்டியாகவோ கொழகொழப்பாகவோ இருக்கிறதா, வலிக்கிறதா. வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். இடுப்பின் பின்பக்கம், குதிகால், பின்னந்தலை மூன்றையும் புறங்கையால் தொட்டு ஒப்பிட வேண்டும்.

ரத்தசோகையைக் கண் இமையின் உட்புறத்திலும் நாக்கிலும் உள்ளங்கையிலும் பார்ப்பது, ஆக்சிஜன் குறைவால் வரும் நீலத்தை உதட்டின் உட்புறத்திலும் நாக்கிலும் தேடுவது, பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலையைப் பகல் வெளிச்சத்தில் ஈறிலும் கண் வெண்மையிலும் பார்த்து, சந்தேகம் என்றால் பிலிருபின் அளவு எடுப்பது என்று எல்லாமே நம் தோலுக்கு ஏற்பக் கற்றுத்தரப்பட வேண்டியவை. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர்கூட விதிவிலக்கல்ல. 2020இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், கருவி 92 முதல் 96 சதவீதம் காட்டியபோது உண்மையில் ரத்தத்தில் 88க்கும் குறைவாக இருந்தது கறுப்பினத்தவரிடம் எடுத்த அளவீடுகளில் 11.7 சதவீதத்தில், வெள்ளையரிடம் எடுத்தவற்றில் 3.6 சதவீதத்தில். எண்ணை மட்டும் நம்பாமல் மூச்சு எண்ணிக்கை, நெஞ்சு இழுப்பு, நோயாளியின் தெளிவு மூன்றையும் சேர்த்துப் பார்க்க இதுவே காரணம். வளைகாப்பு முடிந்து வரும் பெண்ணின் விரலில் கருமருதாணி இருந்தால் பூசாத விரலிலோ காது மடலிலோ மாட்டிப் பார்க்கலாம்.

புகாரும் கணக்கும்

2013 பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி உள்ளகக் குழு கட்டாயம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். யூஜிசியின் 2015 விதிகள் மாணவர் தொடர்பான புகாரில் மாணவப் பிரதிநிதிகளையும் சேர்க்கச் சொல்கின்றன. சாதிப் பாகுபாட்டுக்கு 2012 யூஜிசி விதிகளும், ராகிங்குக்கு 1800-180-5522 என்ற எண்ணும் இருக்கின்றன. குழு இருந்தும் புகார் வராததற்குக் காரணம், புகார் கொடுப்பவரின் இன்டர்னல் மார்க் பெரும்பாலும் புகாருக்கு உள்ளானவர் கையிலேயே இருப்பது. புகார் வந்த அன்றே மதிப்பீட்டை வேறு ஆசிரியருக்கு மாற்றுவதைக் கல்லூரி விதியாகவே எழுதிவைக்க வேண்டும். இன்னொரு ஓட்டை, சம்பவம் நடக்கும் இடம் பெரும்பாலும் போஸ்டிங் போன மருத்துவமனை. அங்கே ஒரு டாக்டரோ அட்டெண்டரோ தவறாக நடந்தால் யாருடைய குழு விசாரிக்கும் என்று இரு நிறுவனங்களும் ஒன்றையொன்று கைகாட்டும். மருத்துவமனையோடு போடும் ஒப்பந்தத்திலேயே எந்தக் குழு, எத்தனை நாளில், மாணவியை இடைப்பட்ட காலத்தில் எந்த வார்டுக்கு மாற்றுவது என்று மூன்று வரி சேர்த்துவிட வேண்டும்.

கணக்கு வைக்காமல் இவற்றில் எது வேலை செய்கிறது என்று தெரியாது. செமஸ்டர் முடிவில் சேர்ந்தவர், அரியர் வைத்தவர், நின்றுபோனவர், செய்முறைப் பதிவு குறைந்தவர் ஆகிய நான்கையும் பாலினம், சமூகப் பிரிவு, பள்ளி மீடியம், ஹாஸ்டலா வீடா என்று பிரித்துப் பார்க்கலாம். ஒரு பிரிவில் ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால் அந்த எண்ணை வெளியிடக் கூடாது. வகுப்பில் ஒரே ஒரு இருளர் மாணவி இருக்கும்போது 'எஸ்.டி., அரியர் 3' என்று எழுதுவது அவள் மார்க்கைப் போர்டில் ஒட்டுவதற்குச் சமம். அப்படிப்பட்ட பிரிவுகளுக்கு மூன்று ஆண்டுச் சேர்க்கையை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டு, அப்போதும் ஐந்தைத் தாண்டவில்லை என்றால், தாளை ஆசிரியர் கூட்டத்துக்குக் கொண்டுபோகாமல் அந்த மாணவியின் வழிகாட்டி ஆசிரியர் அவளிடம் நேரில் பேசினால் போதும்.